நாசிக் வயல் முதல் டெல்லி தட்டு வரை: வெங்காயத்தின் பயணமும் விலையின் கணக்கும்

நுகர்வோர் வெங்காயத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விவசாயியைச் சென்றடைவது ஏறக்குறைய 36 காசு மட்டுமே என்று ரிசர்வ் வங்கியின் பொருளாதார வல்லுநர்கள் 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை மதிப்பிட்டது. தக்காளியில் இப்பங்கு 33 காசு. உருளைக்கிழங்கில் 37 காசு. மீதமுள்ள 64 காசு எங்கே செல்கிறது என்ற கேள்விக்கு "இடைத்தரகர்கள்" என்ற ஒற்றைச் சொல்லே பெரும்பாலும் பதிலாகக் கூறப்படுகிறது. ஆனால், மகாராஷ்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்தில் விளையும் ஒரு வெங்காயம் டெல்லியில் ஒரு வீட்டின் சமையலறையை அடையும் வரை கடக்கும் படிகளைப் பார்த்தால், அந்தப் பதில் முழுமையானதல்ல என்பது புலப்படும்.

அழுகல், எடைக்குறைவு, போக்குவரத்து, சுமைக்கூலி, கமிஷன், அரசின் கொள்கை முடிவுகள் என ஒவ்வொன்றும் விலையில் தன் பங்கை எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று பருவங்கள், ஆண்டு முழுவதும் தேவை

உலகில் மிக அதிகமாக வெங்காயம் விளைவிக்கும் நாடுகளில் இந்தியாவும் சீனாவும் முதல் இரண்டு இடங்களில் உள்ளன. இந்தியாவில் மகாராஷ்டிரம் முதலிடம் வகிக்கிறது. மத்தியப் பிரதேசம், கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான் ஆகியவை பிற முக்கிய மாநிலங்கள். 2022-23ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த விளைச்சல் சுமார் 302 லட்சம் டன்னாக இருந்தது. 2023-24இல் அது சுமார் 242 லட்சம் டன்னாகச் சரிந்தது.

வெங்காயம் ஆண்டுக்கு மூன்று முறை அறுவடையாகிறது. பருவமழைக் காலத்தில் நடப்படும் காரீஃப் பயிர் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சந்தைக்கு வருகிறது. பிந்தைய காரீஃப் பயிர் ஜனவரி முதல் மார்ச் வரை வருகிறது. குளிர்காலத்தில் நடப்படும் ராபி பயிர் மார்ச் இறுதி முதல் மே, ஜூன் வரை அறுவடையாகிறது. ஆண்டு விளைச்சலில் ஏறக்குறைய 70 சதவீதம் ராபி பருவத்தில் கிடைப்பதே.

இதில் ஒரு சிக்கல் உள்ளது. காரீஃப் வெங்காயத்தில் ஈரப்பதம் அதிகம் என்பதால் அதனைச் சில வாரங்களுக்கு மேல் சேமிக்க இயலாது. ராபி வெங்காயத்தை மட்டுமே மாதக்கணக்கில் வைத்திருக்க முடியும். எனவே ஜூன் மாதம் தொடங்கி, புதிய காரீஃப் வரத்து தொடங்கும் அக்டோபர் வரை, நாடு முழுவதும் உண்பது கோடையில் அறுவடையான இருப்பையே. அந்த இருப்பு குறையும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் காரீஃப் அறுவடையும் மழையால் தாமதமானால் விலை உயர்கிறது. வெங்காய விலை பெரும்பாலும் ஆண்டின் இதே காலத்தில் தலைப்புச் செய்தியாவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

அறுவடையும் உலர்த்தலும்

நாற்றங்காலில் ஆறு முதல் எட்டு வாரங்கள் வளர்ந்த நாற்றுகள் கையால் வயலில் நடப்படுகின்றன. பயிர் முதிர்ந்ததும் தாளின் கழுத்துப் பகுதி தளர்ந்து சாய்கிறது. ஏறக்குறைய பாதிப் பயிர் இவ்வாறு சாய்ந்தபின் அறுவடை தொடங்குகிறது. பிடுங்கும் பணியும் தாள் அறுக்கும் பணியும் பெரும்பாலும் பெண் தொழிலாளர்களின் கைகளாலேயே நடைபெறுகின்றன.

பிடுங்கிய வெங்காயம் தாளோடு சில நாட்கள் வயலிலேயே உலர்த்தப்படுகிறது. பிறகு சிறிதளவு தண்டை விட்டுத் தாள் அறுக்கப்பட்டு, நிழலில் மேலும் சில நாட்கள் ஆறவைக்கப்படுகிறது. இதனால் கழுத்துப் பகுதி இறுகி மூடிக்கொள்கிறது. மேல்தோல் காய்ந்து உறையாகிறது. இந்தப் பணி முறையாக நடந்தால்தான் வெங்காயம் பல மாதங்கள் தாங்கும். அறுவடை நேரத்தில் கோடைமழையோ ஆலங்கட்டி மழையோ பெய்தால் உலர்த்தல் கெட்டு, கிடங்கில் அழுகல் முன்கூட்டியே தொடங்குகிறது. ஏப்ரல் மாதத்தில் பெய்யும் இரண்டு நாள் மழையின் விளைவு செப்டம்பர் மாத விலையில் தெரிவது இவ்வாறே.

'காந்தா சாள்': காற்றோட்டமே கிடங்கு

வெங்காயத்துக்கு மராத்தியில் 'காந்தா' என்று பெயர். அதனைச் சேமிக்க விவசாயிகள் தங்கள் நிலத்திலேயே அமைக்கும் நீண்ட கொட்டகை 'காந்தா சாள்' எனப்படுகிறது. தரையிலிருந்து உயர்த்தப்பட்ட தளம், இடைவெளி விட்டு அடிக்கப்பட்ட மூங்கில் அல்லது மரச் சட்டங்கள், மேலே கூரை ஆகியவையே அதன் அமைப்பு. குளிரூட்டும் கருவி ஏதும் இல்லை. காற்று ஊடுருவிச் செல்வதே பாதுகாப்பு.

இந்தக் கொட்டகையில் ராபி வெங்காயம் நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை இருக்கும். ஆனால் வைத்த எடை அப்படியே திரும்பக் கிடைப்பதில்லை. ஈரம் ஆவியாவதால் ஏற்படும் எடைக்குறைவு, அழுகல், முளைவிடுதல் ஆகிய மூன்றும் சேர்ந்து 30 முதல் 40 சதவீதம் வரை இழப்பை உண்டாக்குகின்றன. இதில் பெரும்பகுதி எடைக்குறைவே. கண்ணுக்குக் கெடாமல் தெரியும் வெங்காயமும் மாதந்தோறும் எடையை இழந்துகொண்டே இருக்கிறது.

உருளைக்கிழங்கைப் போல வெங்காயத்தை வழக்கமான குளிர்பதனக் கிடங்கில் வைக்காததற்கும் காரணம் உண்டு. வெங்காயத்துக்குக் குறைந்த வெப்பநிலையுடன் குறைந்த ஈரப்பதமும் தேவை. ஈரப்பதம் மிகுந்த கிடங்கிலிருந்து வெளியே எடுத்தவுடன் அது விரைவில் முளைக்கத் தொடங்குகிறது. இரண்டையும் கட்டுப்படுத்தும் கிடங்குகளுக்கு ஆகும் செலவு, கிலோவுக்குச் சில ரூபாய் லாபம் கிடைக்கும் பயிருக்குக் கட்டுப்படியாவதில்லை.

சேமிக்க இடமும் காத்திருக்கப் பணவசதியும் உள்ள விவசாயி விலை உயரும் மாதங்களுக்காகக் காத்திருக்கிறார். இழப்பின் சுமையையும் அவரே ஏற்கிறார். கடனை அடைக்கவும் அடுத்த பயிருக்கு விதை வாங்கவும் பணம் தேவைப்படும் சிறு விவசாயி, வரத்து குவியும் ஏப்ரல், மே மாதங்களிலேயே விற்றுவிடுகிறார்.

லாசல்காவ் ஏலம்

நாசிக் மாவட்டம் நிபாட் வட்டத்தில் உள்ள லாசல்காவ், ஆசியாவின் மிகப்பெரிய வெங்காயச் சந்தை என்று அழைக்கப்படுகிறது. இங்கு நிர்ணயமாகும் விலையை நாட்டின் பிற சந்தைகள் உற்றுக் கவனிக்கின்றன. பிம்பல்காவ் பஸ்வந்த், யேவலா, சாந்த்வட் ஆகிய ஊர்களிலும் பெரிய சந்தைகள் உள்ளன. இவை வேளாண் விளைபொருள் சந்தைக் குழுக்களின் நிர்வாகத்தில் இயங்குகின்றன.

டிராக்டர் டிரெய்லர்களில் மூட்டை கட்டப்படாமல் குவியலாக வெங்காயம் வந்து வரிசையில் நிற்கிறது. உரிமம் பெற்ற வணிகர்கள் ஒவ்வொரு வண்டியையும் சுற்றி நின்று, குவியலில் கைவிட்டு அளவு, நிறம், காய்ச்சல், அழுகல் ஆகியவற்றைப் பார்த்துக் குவிண்டாலுக்கு விலை கூறுகின்றனர். ஒரு வண்டிக்கான ஏலம் மிகக் குறுகிய நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன்பின் எடைமேடையில் எடை போடப்பட்டு, வாங்கியவரின் கொட்டகையில் சரக்கு இறக்கப்படுகிறது.

கூறப்பட்ட விலை பிடிக்காவிட்டால் விற்க மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. ஆனால் வாடகை வண்டியில் வந்தவருக்குச் சரக்கைத் திரும்ப எடுத்துச் செல்வது மேலும் ஒரு செலவு. பெங்களூருவில் உள்ள சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் இந்தியப் போட்டி ஆணையத்துக்காக 2012இல் அளித்த ஆய்வறிக்கை, மகாராஷ்டிர, கர்நாடக வெங்காயச் சந்தைகளில் சில பெரிய வணிகர்களின் கை ஓங்கியிருப்பதைச் சுட்டிக்காட்டியது. தரகுக் கட்டணத்தை விவசாயியிடம் பிடிக்காமல் வாங்குபவரிடமே வசூலிக்க வேண்டும் என்ற மாற்றத்தை மகாராஷ்டிர அரசு 2016இல் கொண்டுவந்தது.

மூட்டை, லாரி, ரயில்

வணிகரின் கொட்டகையில் வெங்காயம் அளவு வாரியாகப் பிரிக்கப்படுகிறது. அழுகியவை, முளைத்தவை, இரட்டைக் குமிழ்கள் ஒதுக்கப்படுகின்றன. தரம் பிரிந்தவை ஏறக்குறைய 50 கிலோ கொள்ளும் சாக்குகளில் அல்லது வலைப்பைகளில் நிரப்பப்பட்டு லாரியில் ஏற்றப்படுகின்றன.

நாசிக்கிலிருந்து டெல்லி ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சாலை வழியாக இரண்டு மூன்று நாட்கள் ஆகின்றன. மழைக்காலத்தில் தார்ப்பாய் போர்த்தினால் உள்ளே வெப்பமும் ஈரமும் தேங்குகின்றன, போர்த்தாவிட்டால் நனைகிறது. எவ்வாறாயினும் சேருமிடத்தில் ஓரளவு சரக்கு கழிவாகவே இறங்குகிறது.

ரயில் வழி மலிவானது என்பதை 2024ஆம் ஆண்டின் அனுபவம் காட்டியது. 'காந்தா எக்ஸ்பிரஸ்' என்று பெயரிடப்பட்ட சரக்கு ரயில் லாசல்காவிலிருந்து 1,600 டன் அரசு இருப்பு வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு அக்டோபர் 20ஆம் தேதி டெல்லி கிஷன்கஞ்ச் நிலையத்தை அடைந்தது. 56 லாரிகளுக்கு ஈடான இந்தச் சரக்குக்கு ரயிலில் 70.20 லட்சம் ரூபாய் செலவானது. சாலை வழியென்றால் 84 லட்சம் ரூபாய் ஆகியிருக்கும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தெரிவித்தது. கிலோவுக்குக் கணக்கிட்டால் ரயிலில் சுமார் 4.40 ரூபாய், லாரியில் 5.25 ரூபாய். அதைத் தொடர்ந்து சென்னைக்கும் குவாஹாத்திக்கும் ரயில் மூலம் வெங்காயம் அனுப்பப்பட்டது.

ஆனால் ரயிலில் அனுப்ப ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே பொருள் பெருமளவில் திரள வேண்டும். சிறு வணிகர்களால் அது இயலாது. விவசாயிகளும் சிறிய அளவில் சரக்கு அனுப்ப வழிசெய்யும் நோக்கில் முதல் 'கிசான் ரயில்' 2020 ஆகஸ்ட் 7ஆம் தேதி நாசிக் அருகே உள்ள தேவ்லாலியிலிருந்து பிகாரின் தானாபூருக்கு இயக்கப்பட்டது. இருப்பினும் இன்றும் வெங்காயத்தின் முதன்மை வாகனம் லாரியே.

ஆசாத்பூர் முதல் தள்ளுவண்டி வரை

டெல்லியின் வடக்கே உள்ள ஆசாத்பூர் மண்டி, ஆசியாவின் மிகப்பெரிய காய்கறி, பழ மொத்தச் சந்தைகளுள் ஒன்று. இங்கு கமிஷன் முகவர்கள் சரக்கை இறக்கி, மொத்த வணிகர்களுக்கு விற்றுத் தருகின்றனர். வெங்காயம் அங்கிருந்து காசிப்பூர், ஓக்லா, கேசோபூர் போன்ற சந்தைகளுக்கும், அவற்றிலிருந்து கடைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் செல்கிறது. ஒவ்வோர் இடத்திலும் இறக்குகூலி, ஏற்றுகூலி, வாடகை, கமிஷன் ஆகியவை சேர்கின்றன.

சங்கிலியின் கடைசிக் கண்ணியான சில்லறை வியாபாரியே கிலோவுக்கு அதிக விலை வித்தியாசம் வைப்பவராகத் தோன்றுகிறார். ஒரு நாளில் அவர் விற்கும் அளவு குறைவு. மூட்டையில் உள்ள சிறியவையும் கெட்டவையும் அவர் தலையில்தான் விழுகின்றன. நாள் முழுவதற்குமான உழைப்பின் கூலியும் அந்த வித்தியாசத்திலிருந்தே வர வேண்டும். மாறாக, கிலோவுக்கு மிகக் குறைந்த வித்தியாசத்தில் நூற்றுக்கணக்கான டன்களைக் கைமாற்றும் பெரிய வணிகரின் வருமானம் விலைப்பட்டியலில் வெளிப்படையாகத் தெரிவதில்லை.

20 ரூபாய் 55 ரூபாய் ஆவது எப்படி?

விலை உயர்வை எளிய கணக்கு ஒன்றால் புரிந்துகொள்ளலாம். மே மாதம் கிலோ 20 ரூபாய் விலையில் 100 கிலோ வெங்காயத்தை ஒரு வணிகர் 2,000 ரூபாய்க்கு வாங்கிச் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீத இழப்புக்குப் பின் செப்டம்பர் மாத இறுதியில் அவரிடம் இருப்பது 70 கிலோ. அப்போது ஒரு கிலோவின் அடக்கவிலை 28.57 ரூபாய் ஆகிவிடுகிறது. டெல்லிக்கான லாரி வாடகை ஏறக்குறைய 5 ரூபாய் சேர்ந்தால் 34 ரூபாயை நெருங்குகிறது. இதுவரை எவரும் ஒரு ரூபாய்கூட லாபம் பார்க்கவில்லை.

கிடங்குச் செலவு, முதலீட்டுக்கான வட்டி, சாக்கு, சுமைக்கூலி, கமிஷன், வழியில் ஏற்படும் கழிவு, மொத்த, சில்லறை வணிகர்களின் லாபம் ஆகியவை சேர்ந்து கடையில் விலை 55 ரூபாயானால், விவசாயி பெற்ற 20 ரூபாய் அதில் சுமார் 36 சதவீதம். இழப்பைப் பாதியாகக் குறைத்தாலே அடக்கவிலையில் கிலோவுக்கு 5 ரூபாய் குறையும் என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது.

அரசின் கை: இருப்பும் தடையும்

வெங்காயச் சங்கிலியில் அரசும் ஒரு பெரும் பங்கேற்பாளர். 2014-15இல் உருவாக்கப்பட்ட விலை நிலைப்படுத்தும் நிதியின் மூலம், நாஃபெட், என்சிசிஎஃப் ஆகிய கூட்டுறவு அமைப்புகள் ராபி வெங்காயத்தை வாங்கிச் சேமித்து, விலை உயரும் மாதங்களில் வெளியிடுகின்றன. 2024இல் 4.7 லட்சம் டன் இவ்வாறு வாங்கப்பட்டது. சராசரிக் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,833 ரூபாய். அந்த இருப்பு செப்டம்பர் 5 முதல் நகரங்களில் நடமாடும் வாகனங்கள் வழியாகக் கிலோ 35 ரூபாய்க்கு விற்கப்பட்டது.

இரண்டாவது கருவி ஏற்றுமதிக் கட்டுப்பாடு. வங்கதேசம், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை, நேபாளம் ஆகியவை இந்திய வெங்காயத்தின் முக்கிய வாடிக்கை நாடுகள். 2023 ஆகஸ்ட் 19இல் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி விதிக்கப்பட்டது. அக்டோபர் இறுதியில் குறைந்தபட்ச ஏற்றுமதி விலை டன்னுக்கு 800 டாலர் என நிர்ணயிக்கப்பட்டது. டிசம்பர் 8 முதல் ஏற்றுமதிக்கே தடை வந்தது. 2024 மே 4இல் தடை விலக்கப்பட்டு, 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 சதவீத வரியும் நடைமுறைக்கு வந்தன. செப்டம்பர் 13இல் குறைந்தபட்ச விலை நீக்கப்பட்டு வரி 20 சதவீதமாகக் குறைந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் வரி முற்றிலும் நீக்கப்பட்டது.

மூன்றாவது, இருப்பு வரம்பு. 2020 அக்டோபரில் மொத்த வணிகர்கள் 25 டன், சில்லறை வணிகர்கள் 2 டன் மட்டுமே வைத்திருக்கலாம் என்று உத்தரவிடப்பட்டது.

இந்த நடவடிக்கைகளின் பலன் நகர நுகர்வோருக்கு உடனே தெரிகிறது. ஆனால் கொட்டகையில் இருப்பு வைத்து விலை உயர்வுக்காகக் காத்திருந்த விவசாயிக்கு, அந்த உயர்வு வரும் நேரத்திலேயே சந்தை சரிகிறது. 2023இல் வரிவிதிப்பைத் தொடர்ந்து நாசிக் சந்தைகளில் ஏலம் நிறுத்தப்பட்டதும், தடைக்குப் பின் விவசாயிகள் சாலை மறியலில் இறங்கியதும் இதன் வெளிப்பாடு.

இரு பக்கமும் அரசியல் விளைவு உண்டு. 1998 டெல்லி சட்டப்பேரவைத் தேர்தலில் வெங்காய விலை உயர்வு பெரும் பேசுபொருளானது. ஆளும் பாஜக ஆட்சியை இழந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் நாசிக் மாவட்டத்தின் திண்டோரி தொகுதியில் ஏற்றுமதித் தடை பேசுபொருளானது. மத்திய இணையமைச்சராக இருந்த பாரதி பவார் அங்கு தோல்வியடைந்தார்.

விலை சரியும்போது

விலை உயரும்போது கவனம் பெறும் வெங்காயம், சரியும்போது அதே அளவு பேசப்படுவதில்லை. 2023 பிப்ரவரியில் சோலாப்பூர் சந்தைக்கு 512 கிலோ வெங்காயம் கொண்டுவந்த ஒரு விவசாயிக்குக் கிலோவுக்கு 1 ரூபாய் விலை கிடைத்தது. வண்டி வாடகை, சுமைக்கூலி, எடைக்கூலி ஆகியவற்றைப் பிடித்ததுபோக அவர் கணக்கில் மிஞ்சியது 2.49 ரூபாய். அதன்பின் மகாராஷ்டிர அரசு குவிண்டாலுக்கு 300 ரூபாய் மானியம் அறிவித்து, பின்னர் அதனை 350 ரூபாயாக உயர்த்தியது.

நெல், கோதுமைக்கு உள்ளதுபோல் வெங்காயத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. வண்டி வாடகையும் கூலியும் விலை எதுவாயினும் மாறுவதில்லை. எனவே விலை குறையக் குறைய விவசாயியின் பங்கு அதைவிட வேகமாகக் குறைகிறது. 36 காசு என்பது சராசரிதான்; மோசமான வாரத்தில் அது ஏறக்குறைய சுழியமாகிவிடும்.

பங்கை உயர்த்தும் வழிகள்

பால் கூட்டுறவில் நிலைமை வேறு. நுகர்வோர் கொடுக்கும் ரூபாயில் ஏறக்குறைய 80 காசு உற்பத்தியாளர்களுக்குச் செல்வதாக அமுல் கூட்டமைப்பு தெரிவித்து வருகிறது. சேகரிப்பு, குளிரூட்டல், பதப்படுத்தல், விற்பனை ஆகிய அனைத்தும் உற்பத்தியாளர்களின் அமைப்பிடமே இருப்பது அதற்குக் காரணம். வெங்காயத்தில் இக்கட்டங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு கைகளில் உள்ளன.

இந்த இடைவெளியைக் குறைக்கப் பல முயற்சிகள் நடைபெறுகின்றன. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்காக 'ஆபரேஷன் கிரீன்ஸ்' திட்டம் 2018-19 மத்திய பட்ஜெட்டில் 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் அறிவிக்கப்பட்டது. சந்தைகளை இணையவழியில் இணைக்கும் 'இ-நாம்' தளம் 2016 ஏப்ரல் 14இல் தொடங்கப்பட்டது. விவசாய உற்பத்தியாளர் நிறுவனங்கள் நாஃபெட் கொள்முதலில் பங்கேற்கின்றன.

முளைவிடுதலைத் தடுக்கக் குறைந்த அளவு காமா கதிரியக்கம் செலுத்தும் மையத்தைப் பாபா அணு ஆராய்ச்சி மையம் 2002இலேயே லாசல்காவில் அமைத்தது. 2024-25 மத்திய பட்ஜெட்டில், உணவுப் பொருட்களுக்கான இத்தகைய 50 மையங்களுக்கு நிதியுதவி அறிவிக்கப்பட்டது. ஆனால் கதிரியக்கம் முளைப்பதை மட்டுமே தடுக்கும். எடைக்குறைவையும் அழுகலையும் தடுக்க நல்ல உலர்த்தலும் தரமான கிடங்கும் தேவை.

ஆகவே, விலையைக் கவனிப்போர் செப்டம்பர் மாதச் சில்லறை விலையை மட்டும் பார்ப்பது போதாது. ஏப்ரல் மாத மழை, ஜூன் மாதக் கொள்முதல் அளவு, ஆகஸ்ட் மாதத்தில் கொட்டகைகளில் எஞ்சியுள்ள இருப்பு, காரீஃப் நடவுப் பரப்பு ஆகிய நான்கும் சேர்ந்தே அந்த விலையை முன்கூட்டித் தீர்மானிக்கின்றன. தமிழகச் சமையலறைகளுக்கும் இது பொருந்தும். சென்னை கோயம்பேடு சந்தையில் விற்கப்படும் பெரிய வெங்காயத்தின் பெரும்பகுதி மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களிலிருந்து இதே சங்கிலி வழியாகவே வந்து சேர்கிறது.